மைலேஜ் விழுந்துவிட்டதா? மலை ஏறி இறங்கும் காருக்கு அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் முறை

"அண்ணே, போன மாசம் வரைக்கும் பதினெட்டு கொடுத்துச்சு, இப்ப பதினாலுக்கு மேல ஏற மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் நிறையப் பேர். கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வண்டிகள் ஏலக்காய்த் தோட்ட வேலையாக அடிக்கடி மலை ஏறி இறங்குகின்றன. மலைமேல் கேரள எல்லைக்குள் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்தில் இருக்கிற நம் ஆட்கள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் கீழே வந்து போகிறார்கள். இந்த ஓட்டத்துக்கு, சமவெளி வண்டிகளை மனதில் வைத்துச் சொல்லும் மைலேஜ் யோசனைகள் பாதிதான் பொருந்தும். வண்டி என்ன அறிகுறி காட்டுகிறதோ அதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் பெரிய செலவு வைக்காமலே காரணம் சிக்கிவிடும். ஏதாவது பார்ட்ஸை மாற்றச் சொல்லும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

முதலில்: உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

மீட்டர் போர்டில் தெரியும் மைலேஜ் ஒரு உத்தேசக் கணக்கு. பெரும்பாலும் அது நிஜத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். அதை நம்பி முடிவு எடுக்காதீர்கள். டேங்க்கை நிரப்புங்கள். பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி தானாக 'டக்' என்று நின்றதும் நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், ரவுண்டு தொகைக்காக மேலே அழுத்த வேண்டாம். ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். வழக்கம்போல ஓட்டிவிட்டு, முக்கால் டேங்க் தீர்ந்ததும் அதே பங்க்கில், முடிந்தால் அதே துப்பாக்கியில், அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். ஒரு தடவை பார்த்து எதுவும் சொல்ல முடியாது. தொடர்ந்து மூன்று டேங்க் கணக்கு எழுதிப் பாருங்கள்.

மலைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கம்பத்துக்கும் குமுளிக்கும் உயரத்தில் ஏறத்தாழ 500 மீட்டர் வித்தியாசம். ஆளும் சாமானுமாக 1,200 கிலோ இருக்கும் காரை அவ்வளவு உயரம் தூக்கவே, சமதளத்தில் அதே தூரம் ஓட ஆகும் பெட்ரோலுக்கு மேல் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை கூடுதலாகப் பிடிக்கும். எந்த மெக்கானிக்காலும் இதைக் குறைக்க முடியாது. அதனால் ஏறுவதை மட்டும் தனியாக அளந்து பயப்படவும் வேண்டாம், இறங்குவதை மட்டும் அளந்து சந்தோஷப்படவும் வேண்டாம். போய்வந்த முழுக் கணக்கைத்தான் எடுக்க வேண்டும். போன மாதம் தேனி, மதுரை என்று ஓடிய வண்டி இந்த மாதம் தினமும் மலை ஏறியிருந்தால் கணக்கு குறையத்தான் செய்யும். அதைக் கோளாறு என்று சொல்ல முடியாது.

கோளாறே இல்லாமல் கணக்கு குறைய இன்னும் சில காரணங்கள் உண்டு. டயர் மாற்றும்போது கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால், சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், ஆனால் மீட்டர் பழைய கணக்கிலேயே எண்ணும். ஓடிய தூரம் குறைவாகத் தெரியும். புது டயர் போட்ட வாரத்திலிருந்து மைலேஜ் விழுந்தது என்றால் முதலில் டயர் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் பழைய டயரோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட எத்தனால் அறிக்கையில், 10 சதவீதக் கலப்புக்கு டியூன் செய்யப்பட்ட பழைய கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்றும், 20 சதவீதத்துக்கென டியூன் செய்த கார்களுக்கு 1 முதல் 2 சதவீதம் குறையலாம் என்றும் மதிப்பிட்டிருந்தார்கள். ஆக, பதினெட்டு கொடுத்த பழைய வண்டி பதினேழு கொடுப்பதற்கு எத்தனால் காரணமாக இருக்கலாம். பதினாலுக்கு இறங்கியிருந்தால் எத்தனாலின் மேல் பழி போட முடியாது, வேறு காரணம் இருக்கிறது.

பங்க்கின் அளவில் சந்தேகம் இருந்தால் மனதில் வைத்துப் புழுங்க வேண்டாம். ஒவ்வொரு பங்க்கிலும் அரசு முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும், கேட்டால் உங்கள் கண்முன் பிடித்துக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் அனுமதி. கூச்சப்படாமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

மூன்று டேங்க்கும் குறைத்தே காட்டுகிறதா? சரி, இனி அறிகுறிக்கு வருவோம்.

ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டி இழுத்துப் பிடிப்பது போல் நின்றுவிடுகிறது

பெட்ரோல் குடிக்கும் கோளாறுகளில் அதிகம் பேர் கண்டுபிடிக்காமல் விடுவது இதுதான். எஞ்சின் நன்றாக இருக்கும், புகை இருக்காது, விளக்கும் எரியாது. வண்டியைத் தள்ளினால் மட்டும் நகர மாட்டேன் என்னும்.

கம்பம் பைபாஸ் மாதிரி சமதளமான, பின்னால் வண்டி வராத இடத்தில் 40 வேகத்தில் போய், நியூட்ரலுக்கு மாற்றி எவ்வளவு தூரம் உருளுகிறது என்று பாருங்கள். இந்தச் சோதனைக்கு மட்டும்தான் நியூட்ரல், அதுவும் சமதளத்தில் மட்டும். நல்ல வண்டி சோம்பலாக வெகுதூரம் உருளும். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டோ சட்டென்று வேகம் குறைந்தோ நின்றால் பிரேக், டயர், பேரிங் மூன்றில் ஒன்று பிடிக்கிறது.

பிரேக்கைப் பார்க்க: சமதளத்தில் பத்து கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு, மெதுவாக நிறுத்துங்கள். இறங்கி நான்கு சக்கரத்தின் ரிம் அருகேயும் புறங்கையைக் கொண்டுபோங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், தோல் உரிந்துவிடும். மூன்று சக்கரம் வெதுவெதுப்பாக இருக்க, ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. குமுளி இறங்கி வந்தவுடன் இதைச் செய்யாதீர்கள். மலை இறங்கிய வண்டியில் எல்லாச் சக்கரமும் சூடாகத்தான் இருக்கும், எது கோளாறு என்று தெரியாது.

முன்சக்கரம் சூடு என்றால் கேலிப்பரின் (டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பகுதி) பின் துருவேறி ஒட்டியிருக்கும், அல்லது பிஸ்டன் திரும்பாமல் நிற்கும். கேரளப் பக்கம் மழையில் நனைந்தே கிடக்கும் வண்டிகளில் இது சகஜம். கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் தடவினால் பல வண்டிகளில் சரியாகிவிடும். சாதாரண கிரீஸைத் தடவ விடாதீர்கள், அது சூட்டில் உருகி ரப்பரைக் கெடுக்கும். பின்சக்கரம் சூடு என்றால் ஹேண்ட்பிரேக் கேபிளைப் பாருங்கள். ஏற்றத்தில் நிறுத்திவைக்கிற வண்டிகளில் 'நல்லா பிடிக்கட்டும்' என்று கேபிளை அளவுக்கு மேல் முறுக்கி வைத்திருப்பார்கள். லீவரை முழுசாக இறக்கிய பிறகும் சக்கரம் உரசிக்கொண்டே ஓடும். பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்படித் தூக்கும்போது முன்சக்கரத்துக்குக் கல் வைத்து கியரில் போட்டுவிடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள்.

சக்கரம் சூடில்லை, ஆனால் வேகம் கூடக் கூட 'ஊம்' என்று ஒரு சத்தம் வருகிறது, வளைவில் அது கூடிக் குறைகிறது என்றால் வீல் பேரிங். அதை மைலேஜுக்காக மட்டும் மாற்றச் சொல்லவில்லை. மலைச்சாலையில் பேரிங் போனால் உயிருக்கே ஆபத்து.

டயர் ஓரத்தில் தேய்கிறது, ஸ்டியரிங் கனமாக இருக்கிறது

காற்று குறைவு. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஒரு ஓரம், அதிலும் உள் ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் நேர் ஒழுங்கு, தப்பியிருக்கிறது. கையால் டயரைத் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருந்தாலும் அலைன்மென்ட்தான்.

எவ்வளவு காற்று என்பதை டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும். டயரின் மேலேயே அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. முழு லோடுக்கு ஸ்டிக்கரில் தனி அளவு போட்டிருக்கும். குடும்பத்தோடு மலை ஏறும்போது அதைப் பின்பற்றுங்கள்.

நம் பகுதியில் இதில் ஒரு சிக்கல் உண்டு. டயரில் காற்றின் அழுத்தம் சூட்டைப் பொறுத்து மாறும். 5, 6 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். மத்தியானம் கம்பத்து வெயிலில், ஓடிச் சூடான டயரில், பஞ்சர் கடையில் 33 அடித்துக்கொண்டு போகிறீர்கள். மறுநாள் விடியற்காலை குமுளிக் குளிரில் அதே டயர் 28, 29 காட்டும். கடைக்காரர் சரியாகத்தான் அடித்தார், அளந்த நேரம்தான் தவறு. ஆகவே காலையில் வண்டியை எடுத்ததும், இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் கடையில் பாருங்கள். அல்லது சின்ன டயர் கேஜ் ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். நான்கு டயரிலும் 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் விழும் என்பது கணக்கு. ஆறு குறைந்தால் ஒரு சதவீதத்துக்கு மேல், அதோடு டயரின் ஆயுளும் போகும். காசு செலவே இல்லாமல் சரிசெய்யக்கூடியது இது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மலை ஏறி இறங்கும் நாட்களில் மட்டும் குறைகிறது

சமதளத்தில் பழைய மைலேஜ் அப்படியே இருந்து, மலைக் கணக்கு மட்டும் மோசமாக இருந்தால் வண்டியைத் திறக்கவே வேண்டாம். ஓட்டும் முறையைத்தான் பார்க்க வேண்டும். இறக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கம் வேரூன்றிப்போன ஒரு தவறான நம்பிக்கை அதில் இருக்கிறது: குமுளியிலிருந்து மலையடிவாரத்து லோயர்கேம்ப் வரைக்கும் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது.

கார்புரேட்டர் வண்டிக் காலத்தில் அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. இப்போதுள்ள இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், பெட்ரோலோ டீசலோ, கணக்கு தலைகீழ். கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. சுற்று தேவையான அளவுக்கு இருக்கும் வரை வண்டியின் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை மூடிவிடுகிறது, ஒரு சொட்டுகூட உள்ளே போவதில்லை. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் நின்றுவிடாமல் தானாக ஓட வேண்டும், அதற்குப் பெட்ரோல் தேவை. மீட்டரில் உடனடி மைலேஜ் காட்டும் வண்டி வைத்திருக்கிறவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூன்றாவது கியரில் காலை எடுத்ததும் எண்ணோ கோடோ உச்சத்துக்குப் போய் நிற்கும். அந்த நேரத்தில் செலவு பூஜ்ஜியம்.

பெட்ரோல் கணக்கைவிடப் பெரிய விஷயம் பிரேக். நியூட்ரலில் இறங்குகிற வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுக்கப் பிரேக் மேல் விழுகிறது. தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கும் பேடும் அளவுக்கு மேல் சூடாகி, ஒரு கட்டத்தில் மிதித்தும் பிடிக்காது. மாதா கோயில் தாண்டி இரைச்சல் பாலம் பக்கம் வரும்போது கருகிய வாடை அடிக்கிறதே, அது இப்படி இறங்குகிற வண்டிகளின் பிரேக் வாடை. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங் இருக்காது, சாவியைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கைகூப்பிக் கேட்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள்.

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு, நடுவில் வரும் நேர் ஓட்டத்தில் மூன்று. வேகம் கூடினால் சுருக்கமாக, அழுத்தமாக ஒரு மிதி மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். பிரேக்குக்கு ஆற நேரம் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'எல்', '2' அல்லது மேனுவல் மோடு இருக்கும், அது இதற்குத்தான்.

ஏறும்போது இரண்டு வகையில் பெட்ரோல் வீணாகிறது. ஒன்று, பெரிய கியரில் வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரைத் தரை வரைக்கும் மிதிப்பது. எஞ்சின் திணறும், வண்டி நடுங்கும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். 'பெரிய கியர் என்றால் மிச்சம்' என்பது சமதளத்துக்கு. ஏற்றத்தில் சின்ன பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முதல் 3,000 சுற்றுக்குள் தடையில்லாமல் இழுத்தால் போதும். டர்போ டீசலுக்கு 2,000 பக்கத்திலேயே நல்ல இழுவை இருக்கும். இரண்டாவது, வேகமாகப் போய் வளைவில் அடித்துப் பிடித்து, மறுபடி முதலிலிருந்து வேகம் எடுப்பது. ஒவ்வொரு பிரேக்கும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகத்தைச் சூடாக்கிக் காற்றில் விடுவதுதான். முன்னால் லாரி போனால் முட்டிக்கொண்டு போகாமல் இடைவெளி விட்டு, ஒரே சீராக ஏறுங்கள்.

இறங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலைச்சாலையில் குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். சாலை விதியிலேயே இருக்கிறது. ஏறும் வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பினால் அவருடைய பெட்ரோலும் கிளட்சும் போகும்.

ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, வண்டி அந்த வேகத்துக்கு ஏறவில்லை

கிளட்ச் வழுக்குகிறது. நான்காவது கியரில் லேசான ஏற்றத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதியுங்கள். எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள் மட்டும் எகிறி, வேகமானி அசையாமல் இருந்தால் உறுதி. கிளட்ச் பிளேட் கருகுகிற வாடை, பழைய சைக்கிள் பிரேக் ரப்பர் வாடை மாதிரி, தனியாகத் தெரியும்.

இதற்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஆனால் புதுசு போட்ட பிறகும் பழைய பழக்கம் தொடர்ந்தால் சீக்கிரமே மறுபடி வந்து நிற்பீர்கள். குமுளி செக்போஸ்ட் வரிசையில் ஏற்றத்தில் நிற்கும்போது பாதிக் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறவர்களைப் பார்க்கலாம். ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காலை எடுங்கள். ஓடும்போது இடது காலைக் கிளட்ச் மேல் ஓய்வாக வைக்கும் பழக்கமும் இதே வேலையைத்தான் செய்யும்.

கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, அல்லது எஞ்சின் விளக்கு எரிகிறது

இங்கேதான் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் தேவை. எஞ்சின் விளக்கு எரிந்தால் குறியீட்டைப் படித்துக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். படிக்காமலே 'சென்சார் போச்சு' என்று சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். பெட்ரோல் வண்டியில் ஆக்சிஜன் சென்சார், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் இந்த மூன்றும் அதிகம் வரும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி இளம் பழுப்பாக இருக்க வேண்டும். கரி படிந்து வறண்ட கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. டீசல் வண்டியில் கறுப்புப் புகை என்றால் ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து வரும் ஹோஸில் விரிசல், இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் வால்வ்), இன்ஜெக்டர் என்ற வரிசையில், விலை குறைந்ததிலிருந்து பாருங்கள். ஹோஸ் கிழிந்திருந்தால் ஏற்றத்தில் 'உஸ்' என்று சத்தம் கேட்கும்.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒன்று. இன்றைய பெட்ரோல் கார்களில் அடைத்த ஃபில்டர் பிக்கப்பைத்தான் குறைக்கும், மைலேஜைப் பெரிதாகத் தொடாது. கம்ப்யூட்டர் காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ஃபில்டர் மாற்றியதும் மைலேஜ் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். தோட்டத்து மண் ரோட்டில் ஓடும் வண்டியில் எஞ்சினைக் காப்பாற்ற மாற்றத்தான் வேண்டும்.

விளக்கு எரியாமலே பெட்ரோல் குடிக்கும் ஒரு காரணத்தை நம் பகுதியில் தவறாமல் பார்க்க வேண்டும். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வராமல் கீழேயே கிடக்கிறதா? மலை ஏறும்போது வந்து, இறங்கும்போது விழுந்துவிடுகிறதா? எஞ்சின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வ் திறந்தபடி நின்றிருக்கும், இல்லாவிட்டால் எப்போதோ கழற்றி எறிந்திருப்பார்கள். மலையில் வண்டி சூடாகிறது என்று சொன்னால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது இங்கே பழைய வைத்தியம். சூடு நிற்கும், ஆனால் எஞ்சின் எப்போதும் முழுசாகச் சூடேறாது. எஞ்சின் இன்னும் குளிரில் இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மார்கழிக் குளிரில் வண்டிப்பெரியாற்றில் ஓடும் வண்டிக்கு நஷ்டம் இன்னும் அதிகம். செகண்ட்ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் மெக்கானிக்கிடம் 'தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கா, பாருங்கண்ணே' என்று கேட்டுவிடுங்கள். புதிய வால்வ் பெரிய விலை இல்லை. சூடாகிற காரணம் ரேடியேட்டர் அடைப்போ, ஃபேனோ, வாட்டர் பம்ப்போ, அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

இதே வகையில் சேரும் இன்னொன்று எஞ்சின் ஆயில். கையேட்டில் மெல்லிய கிரேடு, உதாரணமாக 0டபிள்யூ-20, போடச் சொல்லியிருக்கும். 'மலை ஓட்டத்துக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது' என்று 20டபிள்யூ-50 ஊற்றிவிடுவார்கள். ஒன்றிரண்டு சதவீதம் மைலேஜ் அங்கேயே போகும், குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் மேலே ஏறவும் நேரமாகும்.

ஏ.சி. போட்டால் மட்டும்

பள்ளத்தாக்கு வெயிலில் ஏ.சி. வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். லோயர்கேம்ப் தாண்டியதும் அணைத்துவிடுங்கள், மேலே ஏற ஏறக் காற்றே குளிரும். ஏற்றத்தில் கம்ப்ரெஸரின் சுமை இல்லாவிட்டால் சின்ன எஞ்சினுக்குப் பெரிய நிம்மதி. குளிர்ந்த பிறகும் கம்ப்ரெஸர் 'டிக்' என்று விட்டு விட்டு ஓடாமல் தொடர்ந்து ஓடினால் கேஸ் குறைவு, அல்லது முன்னால் இருக்கும் கண்டென்சரில் பூச்சியும் தூசியும் அடைத்திருக்கும். மெதுவான தண்ணீர் அடித்துக் கழுவினாலே சில வண்டிகளில் சரியாகும்.

ஆனி, ஆடி, ஆவணியில் மட்டும் குறைகிறது

காற்று. தமிழ்நாட்டின் காற்றாலைகளுக்குக் காற்றைக் கொண்டுவரும் கணவாய்களில் கம்பம் கணவாயும் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கில் புகுந்து பள்ளத்தாக்கு நெடுகத் தள்ளும். தேனியிலிருந்து கம்பத்துக்கு வருகிற சாலை தென்மேற்கே வருவதால் காற்றை நேருக்கு நேர் எதிர்த்தே ஓட வேண்டும். எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும்போது நீங்கள் 80இல் போனால், காரின் முகத்தில் 110 கிலோமீட்டர் காற்று மோதுகிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏறும் என்பதால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அந்த மாதங்களில் தேனி–கம்பம் ஓட்டத்தில் வேகத்தை 60, 65க்கு இறக்கினாலே பலன் தெரியும். கண்ணாடியை இறக்கிவிட்டு வேகமாகப் போவதைவிட, ஏற்றிவிட்டு ஏ.சி. போடுவது இந்த இடத்தில் லாபம்.

மேல் கேரியரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகக் கட்டிய கேரியர் பங்குனி வரைக்கும் காலியாகவே மேலே இருக்கும். காலிக் கேரியரும் காற்றைப் பிடிக்கும், மூட்டை கட்டினால் நெடுஞ்சாலையில் பத்து சதவீதத்துக்கு மேல்கூடப் போகலாம். மாலை கழற்றியதும் கேரியரையும் கழற்றிவிடுங்கள். டிக்கியில் மறந்து கிடக்கும் சாக்கு மூட்டை, பழைய பேட்டரி இவையெல்லாம் மலை ஏறும் வண்டிக்குச் சமதளத்து வண்டியைவிட அதிக பாரம்.

ஓட்டம் கொஞ்சம்தான், ஆனால் பெட்ரோல் தீர்ந்துகொண்டே இருக்கிறது

பள்ளிக்கூடம், கடை, வீடு என்று ஒன்றிரண்டு கிலோமீட்டராக ஓடும் வண்டியில் எஞ்சின் சூடேறும் முன்பே அணைந்துவிடும். குளிர்ந்த எஞ்சின் எப்போதும் கூடுதலாகக் குடிக்கும். மூன்று வேலையை ஒரே சுற்றில் முடித்தால் தீர்வு. காலையில் பத்து நிமிடம் நிறுத்திவைத்து 'சூடு பண்ண' வேண்டாம், அரை நிமிடம் போதும். முதல் இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஓடும் சின்ன கார் எஞ்சின் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை, ஏ.சி. போட்டால் ஒரு லிட்டர் வரைகூடக் குடிக்கும். செக்போஸ்ட் வரிசை நகராது என்று தெரிந்தால் அணைத்துவிடுங்கள்.

எரிபொருள் பைப்பில் மாட்டும் காந்தம், டேங்க்கில் போடும் மாத்திரை என்று விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். அதே பணத்துக்கு அலைன்மென்ட் பார்த்துவிடலாம்.

மைலேஜ் சரியாகத்தான் இருக்கிறது, செலவுதான் அதிகம்

எந்தப் பக்கம் நிரப்புவது என்பது எல்லைக்காரர்களுக்கு மட்டும் கிடைத்த வசதி. பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் வரியைக் குறைத்தது. கேரளம் 2023 ஏப்ரல் 1 முதல் பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டது. இப்போது பெட்ரோல் தமிழ்நாட்டுப் பக்கம் லிட்டருக்கு நான்கைந்து ரூபாய் குறைவு, டீசலில் வித்தியாசம் அதைவிடக் கம்மி. மலை ஏறும் முன் கூடலூரிலோ கம்பத்திலோ நிரப்பிக்கொள்வது அதனால்தான் எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது.

ஆனால் அதற்காகவே இறங்கி வராதீர்கள். வண்டிப்பெரியாற்றிலிருந்து கூடலூர் வந்து திரும்ப ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், அதில் பாதி மலை. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றாலே 3 லிட்டருக்கு மேல், அதாவது 300 ரூபாய்க்கு மேல் எரிந்துவிடும். 35 லிட்டருக்கு 5 ரூபாய் வீதம் மிச்சமாவது 175 ரூபாய். சந்தைக்கோ விசேஷத்துக்கோ எப்படியும் வருகிற நாளில், திரும்பும் வழியில் நிரப்பிக்கொள்ளுங்கள். டேங்க் முழுசாக இருந்தால் பாரம் கூடி மைலேஜ் போகுமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான். 20 லிட்டர் கூடுதலாக ஏற்றினாலும் 15 கிலோ, ஒரு சின்னப் பிள்ளையின் எடை. விலை வித்தியாசத்துக்கு முன்னால் அது ஒன்றும் இல்லை. டேங்க்கில் கொள்ளாததைக் கேனில் வாங்கி டிக்கியில் வைத்துக்கொண்டு ஏறுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வெயிலில் ஆவியாகி, மூடிய வண்டிக்குள் அது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.